டிரெஸ்ஸாஜ் குதிரைப் பயிற்சியில் பழைய முறை நல்லதா, நவீன முறை நல்லதா?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி, குதிரையை நளினமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் தங்கம் வாங்கியதைப் பார்த்து நீங்களும் சவாரி வகுப்பில் சேர்ந்திருப்பீர்கள், ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். குதிரையைத் தளர்வாக வைத்துப் படிப்படியாகப் பழக்குவது பழைய முறை, லகானால் கழுத்தை மடக்கி ஓட்டுவது நவீன முறை என்று இங்கே சொல்கிறேன். என் பதில் பழைய முறைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். ஒரு அம்மாவின் குதிரையை, லாயச் செலவில் பங்கு கொடுத்து வாரத்தில் சில நாள் ஓட்டுகிறேன். முன்பு அங்கே வந்த பயிற்சியாளர் போட்டிகளில் ஜெயித்தவர். ஏறியதும் லகானை இழுத்து, முகவாய் நெஞ்சில் படுகிற அளவுக்குக் குதிரையின் கழுத்தை மடக்குவார். அது பல்லை அரைக்கும், வாலை விசிறிக்கொண்டே இருக்கும். "முதுகு எழும்புது பாருங்க" என்பார். எங்கே எழும்பியது? டிராட்டில், அதாவது எதிர்மூலைக் கால்கள் ஜோடியாக எழும் ஓட்டத்தில், முன்கால் மட்டும் பறக்கும், பின்கால் வயிற்றுக்கு அடியில் வரவே வராது. நீட்டி ஓடும் டிராட்டில் முன்காலின் முழங்காலுக்கு மேற்பகுதியும் அதற்கு எதிர்மூலைப் பின்காலின் கீழெலும்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, "நீங்க எந்த லெவல்ல போட்டி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நான் அந்த அம்மாவிடமே நேராகப் பேசினேன். அவர் ஆளை மாற்றினார்.

புதிதாக வந்தவர் வயதானவர். வெகுநாள் நடை, பெரிய வட்டங்கள், தோளை உள்ளே வாங்கிப் பக்கவாட்டில் நகர்த்தும் பயிற்சி, அவ்வளவுதான். அந்தத் தோள் பயிற்சியை 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் சவாரி ஆசான் கெரினியேர் எழுதி வைத்துவிட்டார். ஜெர்மன் பயிற்சிப் படிகளும் அப்படித்தான்: முதலில் தாளம், அப்புறம் தளர்வு, பிறகு வாயோடு மென்மையான தொடர்பு, உந்துவிசை, நேராக்கம், கடைசியில்தான் ஒடுக்கம், அதாவது குதிரை எடையைப் பின்கால்களில் தாங்கி உடலைச் சுருக்கிக்கொள்வது. சரளி வரிசையைத் தாண்டிக் கீர்த்தனைக்குப் போக முடியுமா? சில மாதங்களில், லகானைத் தளர்த்தினால் குதிரை தானாகவே கழுத்தை நீட்டித் தரைப்பக்கம் இறக்கி, நிம்மதியாக மூக்கால் சீறிக்கொண்டு முதுகு அசைய நடந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

"டிரெஸ்ஸாஜின் உச்ச நிலையான கிராண்ட் ப்ரீ ஓட்டாதவன் பேசலாமா" என்று யாராவது வருவார்கள். விதியை நான் எழுதவில்லை. உச்சந்தலை மேலே, மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் என்று சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. பலவந்தமாகக் கழுத்தை மடக்குவதை 2010-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அவர்களே கண்டித்தார்கள். ஆனால் 'பலவந்தம் இல்லாமல் தாழ்வாக, வட்டமாக' வைக்கலாம் என்று வழியும் விட்டார்கள். அங்கேதான் எனக்குக் கோபம். பலவந்தம் எது என்று வார்ம்-அப் மைதானத்தில் யார் அளப்பது?

நவீனம் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. சவாரி விளையாட்டுக்கென்றே வளர்க்கப்படும் இன்றைய வார்ம்பிளட் இனக் குதிரைகளின் நடையழகு அந்தக் காலத்தில் கிடையாது. கால்நடை மருத்துவமும் சேணப் பொருத்தமும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பழைய ஆசான்கள் எல்லோரும் மென்மையானவர்களும் இல்லை, கொடிய கடிவாளங்களும் குதிகாலில் மாட்டிக் குத்தும் முட்களும் அன்றும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் குதிரை என்றதுமே "ரேஸா? எவ்வளவு கட்டினே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதை முதலில் நிறுத்த வேண்டும். கிண்டியைத் தவிர வேறு எதுவுமே மனதில் வராதா? ஒரு விலங்கோடு பல வருடம் பொறுமையாக உழைப்பதைச் சூதாட்டத்தோடு சேர்த்தால் மனசு வலிக்கிறது.

நீங்கள் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கங்களைக் கேட்காதீர்கள். அவர் ஓட்டி முடித்ததும் லகானை முழுக்க விடச் சொல்லுங்கள். குதிரை கழுத்தை நீட்டி இறக்கினால் சேருங்கள். தலையைத் தூக்கிக்கொண்டு விறைத்து ஓடினால் வேறு இடம் பாருங்கள்.