கேளுங்க, சொல்றோம்: சாவே திருப்பி அனுப்பின சூசன்

கேள்வி: செத்ததுக்கு அப்புறம் என்னன்னு பேசுற ஹாரர் கேம் ஒண்ணு சொல்லுங்க. சும்மா திடீர்னு கத்தி பயமுறுத்துறது வேணாம், என் லேப்டாப்பும் பழசு.
- வாசகர், சேலம்

பதில்: அப்போ 'தி கேட் லேடி' தான். 2012ல வந்தது, ரெமிகியுஷ் மிஹால்ஸ்கிங்கிறவர் அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோன்னு ஒரு இலவச டூல்ல செஞ்சார், அதனால பழைய லேப்டாப்லயும் ஓடிடும். மவுஸே வேணாம், அம்புக்குறி கீயும் என்டரும் போதும்.

சூசன் ஆஷ்வொர்த்துக்கு 40 வயசு, தனி ஃபிளாட், பூனைங்க மட்டும் தான் துணை. ஆரம்பத்துலயே உயிரை விட்டுடுறா, கண்ணு முழிச்சா கோதுமை வயல்ல இருக்கா, அங்க புழுக்களின் ராணின்னு ஒரு கிழவி, உனக்கு இனிமே சாவே கிடையாது, அஞ்சு கொடூரமான ஆளுங்க உன் வழியில வருவாங்க, அவங்களை நீ தான் முடிக்கணும்னு சொல்லி திருப்பி அனுப்பிடுறா. நம்ம கதைகள்ல சாகாவரம்னா தவம் கெடந்து கேக்குறது, இவளுக்கு அதுவே தண்டனை.

அந்த அஞ்சு பேர், ரத்தம், அதெல்லாம் இருக்கு, சில இடம் ரொம்பவே கொடூரம். ஆனா எனக்கு அதை விட மனசுல நிக்கிறது ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்தப்புறம் வர்ற பகுதி தான், அங்க பேயும் இல்ல கொலைகாரனும் இல்ல, ஒரு காபி போடணும், ஏதாவது சாப்பிடணும், அவ்ளோ தான், ஆனா ஒவ்வொரு சின்ன விஷயமும் அவ மனசை ஏத்தும் இல்ல இறக்கும், டென்ஷன் முழுசா ஏறிட்டா உடைஞ்சு போயிடுவா. மனச்சோர்வுல இருக்கிறவங்களுக்கு ஒரு சாதாரண நாளே எவ்ளோ பெரிய மலைன்னு விளையாடும்போது உடம்புலயே தெரியுது. அப்புறம் மிட்ஸின்னு ஒரு பொண்ணு வர்றா, அவளுக்கு கேன்சர், ரொம்ப நாள் இல்ல. சாக நினைச்சவளுக்கு சாவு வராது, இவளுக்கோ நேரமே இல்ல, இவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுறது தான் இந்த கேமோட உயிர்.

கேள்வி: என் தங்கச்சி கொஞ்ச நாளா யார்கிட்டயும் பேசாம ஒதுங்கியே இருக்கா. சூசனைப் பாத்தா ஆறுதலா இருக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: இப்போ வேணாங்க. தற்கொலையை ரொம்ப நேரா காட்டுற கேம் இது. முதல்ல நீங்க அவ பக்கத்துல உக்காருங்க, அறிவுரை சொல்லாம கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு நேரடியாவே கேக்கலாம், கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்ல, தமிழ்லயே பேசுவாங்க. நீங்களே கூட கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேக்கலாம்.

கேள்வி: இதோட தொடர்ச்சி இருக்கா?
- வாசகர், திருச்சி

பதில்: மொத்தம் மூணு. 'டவுன்ஃபால்' 2009லயே வந்துச்சு, 2016ல மறுபடி புதுசா செஞ்சாங்க. 'லோரெலை' 2019, அதுலயும் அந்த ராணி வர்றா. கதை தனித்தனி தான், ஆனா கேட் லேடியில ஆரம்பிங்க.