மங்கிய படத்திலும் மணி இருக்கிறான்

கேள்வி: எங்கள் கறுப்பு நாய் மணி போன மாதம் இறந்துவிட்டான். இருப்பது நான்கே படங்கள். ஒன்றில் கண்கள் பச்சையாக எரிகின்றன, மற்றவை இருட்டும் மங்கலும். சரிசெய்ய முடியுமா?

பதில்: முதலில், படம் எடுத்தவரின் போனில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும். அதை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. பச்சை மினுக்கம் ஃபிளாஷ் அதில் பட்டு வருவது. 'ரெட் ஐ' கருவி சிவப்பைத்தான் தேடும், இங்கே பெரும்பாலும் உதவாது. ஸ்னாப்சீட் செயலியில் படத்தைப் பெரிதாக்கி, பிரஷ்ஷால் கண்மணிக்குள் மட்டும் சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) குறையுங்கள், பிறகு எக்ஸ்போஷரை (வெளிச்சம்). ஓரத்து வெள்ளைப் புள்ளியைத் தொடாதீர்கள். அது போனால் கண்ணில் உயிர் போய்விடும்.

இருட்டுப் படத்தில் 'ஷேடோஸ்' (இருண்ட பகுதிகளின் வெளிச்சம்) மட்டும் 30, 40 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பு ரோமம் சாம்பலாகி, நிறப்புள்ளிகள் கிளம்பும். அப்போது கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் புள்ளிகள் அடங்கும்.

அசைந்து மங்கியதை ஏஐ செயலியில் கூர்மையாக்கினால் வேறொரு நாயின் முகம் வந்து நிற்கலாம். வாலாட்டலில் கலங்கிய படம் என்றால் கலங்கியே இருக்கட்டும். பளபளப்பில்லாத மேட் தாளில் 6x4 அங்குலத்தில் அச்சிடுங்கள். 1800x1200 பிக்சல் போதும், அந்த அளவில் மங்கல் பாதி மறையும்.