பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: உருப்போட முடியாத 36 மதிப்பெண்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலத் தாள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஆங்கில ஆசிரியர்கள் பதில் சொல்கிறார்கள்.

*என் மகன் கைடில் உள்ள கட்டுரைகளை ராத்திரி பதினொரு மணி வரை உருப்போடுகிறான். தேர்வில் ஒரு வார்த்தை மறந்துபோனால் அடுத்த வரி வருவதில்லை, அப்படியே பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறான். நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறது மதிப்பெண். என்ன செய்வது?*
– ஒரு தாய், அரியலூர்

முதலில் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று மகனோடு உட்கார்ந்து பாருங்கள். மொத்தம் 100. முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டாம் பகுதியில் இரண்டு மதிப்பெண் வீதம் 10, மூன்றாம் பகுதியில் ஐந்து மதிப்பெண் வீதம் 10, நான்காம் பகுதியில் எட்டு மதிப்பெண் வீதம் 2.

இதில் எதையெல்லாம் உருப்போடவே முடியாது என்று கணக்கிடுங்கள். இலக்கணக் கேள்விகள் மூன்றுக்கு 6. வழி சொல்லும் வரைபடக் கேள்விக்கு 2. விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கம், பிழை திருத்தம் என்ற ஆறில் நான்கு எழுத வேண்டும், அதற்கு 20. கடைசியாக வரும் 47-ஆம் கேள்வி காம்ப்ரிஹென்ஷன், அதாவது கொடுத்த பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, அதற்கு 8. கூட்டினால் 36. தேர்ச்சிக்கு வேண்டியது 35! உங்கள் மகன் ராத்திரி பதினொரு மணி வரை செய்யும் உழைப்பு இந்த 36-க்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால் தினமும் ஆங்கிலத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் முதல் பாதியை இவற்றுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மனப்பாடச் செய்யுளையும் பாடக் கட்டுரைகளையும் பிறகு பார்க்கலாம்.

பாடக் கட்டுரைக்கும் கைடை வார்த்தைக்கு வார்த்தை உருப்போடுவது ஆபத்துதான். அந்த வாக்கியங்கள் நீளமானவை. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் கட்டியிருக்கும், நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் அறுந்துவிடும். மாற்று வழி இது. பாடத்தைப் படித்ததும் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளின் இடப்பக்கம், கதை நடந்த வரிசையில் எட்டு அல்லது பத்துக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒரு குறிப்புக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். புத்தகத்தை மூடிவிட்டு, வலப்பக்கம் ஒவ்வொரு குறிப்பையும் எட்டுப் பத்துச் சொல் கொண்ட ஒரே வாக்கியமாக்க வேண்டும். மறுநாள் வலப்பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து மறுபடி எழுதட்டும். வாக்கியம் முந்தைய நாள் போலவே இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பு மறந்தாலும் அடுத்ததற்குத் தாவலாம், கட்டுரை நிற்காது.

46-ஆம் கேள்வி கேட்பதும் ஏறக்குறைய இதையேதான். துணைப்பாடக் கதையின் குறிப்புகளைக் கோடு போட்டுத் தருவார்கள், அதை விரித்து எழுத வேண்டும். 'ஓல்ட் மேன் – லாஸ்ட் – பர்ஸ் – பஸ்' என்று கொடுத்திருந்தால், 'ஆன் ஓல்ட் மேன் லாஸ்ட் ஹிஸ் பர்ஸ் இன் த பஸ்' என்று ஆக்குவதுதான் வேலை. ஆன், ஹிஸ், இன், த என்ற நான்கு சின்னச் சொற்கள் சேர்ந்ததும் குறிப்பு வாக்கியமாகிவிட்டது. கோடுகளோடு குறிப்பை அப்படியே பெயர்த்து எழுதும் பிள்ளைகள் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். இன்னொரு இழப்பு, இறந்தகாலத்தில் தொடங்கிய கதை நடுவில் நிகழ்காலத்துக்கு வழுக்குவது. எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் ஒரு முறை விரல் வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

*47-ஆம் கேள்விக்குப் பதில் பத்திக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுகிறேன். ஆனாலும் பள்ளித் தேர்வில் எட்டுக்கு நான்குதான் வருகிறது. எங்கே தப்பு?*
– பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

'அப்படியே எடுத்து' என்று எழுதியிருக்கிறாயே, தப்பு அங்கேதான். வரி சரியாகக் கிடைத்துவிட்டது, பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். ஆனால் அந்த வரி உன்னிடம் கேட்ட கேள்விக்காக எழுதப்பட்டதில்லை, அதைக் கேள்விக்குத் தக்கபடி திருப்ப வேண்டும்.

பத்தியில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்: 'த வெல் டிரைட் அப், ஸோ த ஃபார்மர் சோல்ட் ஹிஸ் புல்லக்ஸ்.' கேள்வி: 'வை டிட் த ஃபார்மர் செல் ஹிஸ் புல்லக்ஸ்?' வரியை அப்படியே எழுதினால் காரணம் எது, விளைவு எது என்று நீ பிரித்துக் காட்டவில்லை. இப்போது கேள்வியை எடு. 'வை'யை நீக்கு. 'டிட்'டையும் நீக்கு. 'டிட்' போனதும் அதனிடம் இருந்த இறந்தகாலம் 'செல்'லுக்கு வந்து 'சோல்ட்' ஆகும். கேள்வியின் மீதியை அப்படியே எழுதி, கடைசியில் 'பிகாஸ்' சேர்த்துக் காரணத்தைப் போடு: 'த ஃபார்மர் சோல்ட் ஹிஸ் புல்லக்ஸ் பிகாஸ் த வெல் டிரைட் அப்.' பத்தியில் முன்னால் இருந்த கிணறு பதிலில் பின்னால் போய்விட்டது, 'ஸோ' இருந்த வேலையை 'பிகாஸ்' செய்கிறது. 'டிட்'டையும் விடாமல் 'டிட் சோல்ட்' என்று எழுதுகிற பிழை வகுப்புக்கு வகுப்பு இருக்கிறது. அதை மட்டும் நிறுத்தினாலே உன் விடைத்தாள் வேறு மாதிரி தெரியும்.

அடுத்த சிக்கல் 'ஐ', 'மை' என்ற சொற்கள். எழுத்தாளர் தன் கதையைத் தானே சொல்லும் பத்தியில் 'ஐ வாக்ட் டு ஸ்கூல் வித் மை சிஸ்டர்' என்று இருக்கும். நீ அதையே எழுதினால் உன் அக்காவோடு நீ நடந்ததாக ஆகிவிடும். 'த ரைட்டர் வாக்ட் டு ஸ்கூல் வித்' என்று தொடங்கி, எழுத்தாளர் ஆணா பெண்ணா என்று பத்தியில் பார்த்து 'ஹிஸ்' அல்லது 'ஹெர்' போடு. 'ஹீ', 'தே' என்று வந்தாலும் யார் என்று முந்தைய வரியில் தேடிப் பெயரை எழுது.

படிக்கும் வரிசையையும் மாற்று. முதலில் நான்கு கேள்விகளையும் படித்து, ஒவ்வொன்றிலும் தேட வேண்டிய சொல்லைப் பென்சிலால் கோடிடு. ஊர்ப் பெயர், ஆண்டு, எண் இருந்தால் அதுவே நல்ல அடையாளம். பிறகு பத்தியை நிறுத்தாமல் ஒரு முறை படி. தெரியாத சொல் வந்தால் நிற்காதே, அதே வாக்கியத்தின் மீதி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது விடை உள்ள வரியின் ஓரத்தில் கேள்வி எண்ணைக் குறி. விடைகள் பெரும்பாலும் பத்தியின் வரிசையிலேயே இருக்கும், மூன்றாம் கேள்விக்கு முதல் வரியில் விடை கண்டால் இன்னொரு முறை சரிபார். வரி எதிலும் நேரடியாகக் கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தால், அது இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதாக இருக்கும்.

உரைநடைப் பத்திக்குப் பதிலாகப் பாடலையும் தேர்ந்தெடுக்கலாம். எது சின்னது என்று பார்க்காதே. இரண்டின் கேள்விகளையும் ஒரு நிமிடம் படித்துவிட்டு, எதில் மூன்று கேள்விக்காவது உடனே வரி தெரிகிறதோ அதை எடு.

பழகுவதற்குப் புதுப் பத்திகள் வேண்டுமென்றால் காசு செலவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்களை இரவல் வாங்கி, நீ மறந்துபோன பாடங்களில் பத்துப் பன்னிரண்டு வரிகளாக எடுத்துக்கொள். தோழியும் நீயும் ஆளுக்கு நான்கு கேள்வி எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். கேள்வி எழுதிப் பார்த்தவருக்கு விடை ஒளிந்திருக்கும் இடம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

*சுருக்கி எழுதச் சொன்னால் எதை விடுவது என்றே தெரியவில்லை. முதல் மூன்று வரியையும் கடைசி வரியையும் எழுதிவிடுகிறேன். சரியா?*
– மாணவர், சிவகங்கை

சரியில்லை, தம்பி. அது வெட்டி ஒட்டுவது, நடுவில் உள்ள கருத்து காணாமல் போகும்.

கொடுத்த பத்தி 90 சொல் என்றால் உன் சுருக்கம் 30 சொல்லுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரு வரியில் எத்தனை சொல் என்று எண்ணி வரிகளால் பெருக்கினால் போதும், ஒவ்வொன்றாக எண்ணி நேரத்தை வீணாக்காதே. பிறகு நான்கு வகைகளை அடித்து நீக்கு: எடுத்துக்காட்டுகள், திரும்ப வரும் கருத்து, அலங்காரச் சொற்கள், மேற்கோள்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த பல பெயர்கள் வந்தால் ஒரே பொதுப்பெயரில் அடக்கு.

ஒரு வாக்கியத்தில் செய்து பார்ப்போம். 'ஃபார்மர்ஸ் க்ரோ மேங்கோஸ், குவாவாஸ் அண்ட் பனானாஸ் இன் தெய்ர் ஃபீல்ட்ஸ் அண்ட் செல் தெம் இன் த டவுன் எவ்ரி வீக்.' ஆங்கிலத்தில் 17 சொற்கள். மூன்று பழங்களும் 'ஃப்ரூட்ஸ்'. விவசாயி பயிரிடுவது வயலில்தான், அதைச் சொல்ல வேண்டாம். எங்கே விற்கிறார் என்பதையும் விட்டுவிடலாம். 'எவ்ரி வீக்' என்பது 'வீக்லி'. ஆக, 'ஃபார்மர்ஸ் க்ரோ அண்ட் செல் ஃப்ரூட்ஸ் வீக்லி.' ஆறு சொல், கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. தினமும் ஒரு பத்தி முழுவதையும் சுருக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் இப்படி ஐந்து வாக்கியங்களை மட்டும் சுருக்கிப் பழகு, அதன் பிறகு பத்திக்குப் போ.

முதலில் ரஃப் டிராஃப்ட் எழுதி, அதன் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுவிட்டு, ஃபேர் டிராஃப்ட்டை ஒரே பத்தியாக எழுது. மேலே தலைப்பு கட்டாயம். சுருக்கத்தில் உன் சொந்தக் கருத்தைச் சேர்க்காதே, பத்தியில் இல்லாத அறிவுரை எதுவும் வரக்கூடாது.

*எனக்கும் மனைவிக்கும் ஆங்கிலம் தெரியாது. டியூஷன் அனுப்ப வசதியில்லை. மகள் எழுதுவதை நாங்கள் எப்படித் திருத்துவது?*
– ஒரு தந்தை, தென்காசி

திருத்த முடியாவிட்டாலும் சரிபார்க்க உங்களால் முடியும், ஐயா. மகளுக்கு அதுவே பெரிய உதவி.

அவள் படித்த ஆங்கிலப் பத்தியைத் தமிழில் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் என்று நான்கு கேள்வி கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்குத் தயங்கினால் அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம், அங்கே மறுபடி படிக்கச் சொல்லுங்கள். எழுதியதைப் பார்க்கும்போது, புள்ளி எங்கே வைத்திருக்கிறாள் என்று பாருங்கள். இரண்டு வரிக்கு மேல் புள்ளியே இல்லாமல் ஓடினால் பெரும்பாலும் அங்கே பிழை இருக்கும், அதை இரண்டாக உடைக்கச் சொல்லலாம். புள்ளிக்கு அடுத்த எழுத்து பெரிய எழுத்தா என்றும் பாருங்கள். ஆட்களின் பெயரைக் கேள்வித்தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

கடிதம் என்றால் பாகங்களை எண்ணலாம்: அனுப்புநர், பெறுநர், தேதியும் இடமும், விளிப்பு, பொருள், விஷயம், முடிப்பும் கையொப்பமும், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் உறை மேல் முகவரி. உறை முகவரியைப் பாதிப் பேர் மறக்கிறார்கள், சும்மா கிடைக்கும் மதிப்பெண் அது. இன்னொன்று, பொதுத்தேர்வு விடைத்தாளில் சொந்தப் பெயரையோ ஊரையோ எழுதக்கூடாது. கேள்வியில் கொடுத்த பெயரைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய். வீட்டில் பழகும்போதே அப்படி எழுதுகிறாளா என்று கவனியுங்கள்.

வாரம் ஒரு நாள், எழுதிய இரண்டு தாளைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியரிடம் காட்டி வாங்கி வரச் சொல்லுங்கள். முழு நோட்டையும் நீட்டினால் அவருக்கு நேரமிருக்காது, இரண்டு தாள் என்றால் இடைவேளையில் பார்த்துவிடுவார். சிவப்பு மையில் திருத்தியதை மகள் அதே இரவில் திரும்ப எழுத வேண்டும், நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

*படம் பார்த்து எழுதுவதில் ஐந்து வாக்கியம் வரவே மாட்டேன் என்கிறது.*
– மாணவி, நாமக்கல்

முதல் வாக்கியம் எது பற்றிய படம். இரண்டும் மூன்றும், படத்தில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்: ஒருவர் என்றால் 'இஸ்', பலர் என்றால் 'ஆர்', பின்னால் 'இங்' சேர்ந்த வினை. 'எ பாய் இஸ் வாட்டரிங் த பிளான்ட்ஸ்' என்பதுபோல. இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேள்வி உன் கருத்தையும் கேட்கிறது, ஆகவே நான்காவதை 'ஐ ஃபீல் தட்' என்றும், ஐந்தாவதை 'வி ஷுட்' என்றும் தொடங்கு.

*என் மகன் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. அனலிட்டிகல் பாராகிராஃபில் அட்டவணையின் எண்களையெல்லாம் எழுதியும் ஐந்துக்கு இரண்டுதான்.*
– வாசகி, கோவை

எண்களையெல்லாம் எழுதியதுதான் காரணமாக இருக்கும். 100 முதல் 120 சொல்லுக்குள் எழுத வேண்டிய பத்தி அது. அட்டவணை எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியம், மிக அதிகம் எது, மிகக் குறைவு எது, எது வேகமாக மாறியது, எந்த இரண்டை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறது, கடைசியில் மொத்தப் போக்கு. எண் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். கொடுத்த தரவு சொல்லாத காரணத்தைக் கற்பனை செய்து சேர்க்காமல் இருக்கட்டும்.

*எனக்கு எல்லாம் தெரியும், நேரம்தான் பற்றவில்லை. கடைசி எட்டு மதிப்பெண் எப்போதும் போய்விடுகிறது.*
– மாணவர், கிருஷ்ணகிரி

எழுத 180 நிமிடம், மதிப்பெண் 100. ஆக, ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு 9 நிமிடம், எட்டுக்கு 14. வீட்டில் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுது. கடிதம் 9 நிமிடத்தில் முடியாவிட்டால், அதற்குப் பதில் விளம்பரமும் பிழை திருத்தமும் எடுத்துக்கொள். விளம்பரத்துக்கு முழு வாக்கியமே வேண்டாம், கட்டத்துக்குள் கடையின் பெயர், பொருள், சலுகை, முகவரி, கவரும் ஒரு வரி போதும்.

கேள்வித்தாள் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடத்தில் முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. நேரே 47-க்குப் போய்ப் பத்தியையும் கேள்விகளையும் படித்துவிடு, அந்த நேரத்தில் எழுதத்தான் கூடாது. எழுதத் தொடங்கியதும் ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்துவிட்டு அடுத்ததாக 47-ஐயே எழுது. கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் எந்த வரிசையில் எழுதினாலும் மதிப்பெண் உண்டு. பாடக் கட்டுரைகள் கடைசிக்குப் போகட்டும். அங்கே நேரம் குறைந்தாலும் எழுதிய வாக்கியங்களுக்கு மதிப்பெண் கிடைக்கும், தொடாமல் விட்ட பத்திக்குக் கிடைக்காது.