ஜோசன் ராஜா சொன்ஜோ: நீங்க கேட்டதுக்கு என் பதில்

கொரியன் சீரியல் பாத்துட்டு ஜோசன்ங்கற பழைய கொரியாவ ஆண்ட சொன்ஜோ பத்தி (ஆட்சி 1567-1608) நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கே: கிழக்கு கட்சி, மேற்கு கட்சின்னு எதுக்குண்ணா சண்டை?

எல்லாம் ஒரு போஸ்டிங்க்குதான் தம்பி. 1575ல கிம் ஹ்யோ வொன், சிம் உய் க்யொம் ரெண்டு பேர் கோஷ்டிக்கும் தகராறு, கிம் ஆளுங்க கிழக்கு, சிம் ஆளுங்க மேற்குன்னு ஆச்சு. பதவி நடுத்தர ரேங்க்தான், ஆனா ராஜாவையே தட்டிக்கேக்கற ஆபீஸ்களுக்கு யாரப் போடலாம்னு சிபாரிசு பண்றது அந்த சீட்டு, தனக்கப்புறம் யாருன்னும் அவரே கை காட்டிட்டுப் போகலாம், அப்ப விடுவாங்களா?

கே: ஜப்பான் படையெடுத்து வரும்னு முன்னாடியே தெரியாதா?

1590ல தூது போனாங்களே. ஜப்பான ஆண்ட ஹிதெயோஷிய நேர்ல பாத்துட்டு வந்து மேற்கு கட்சி ஹ்வாங் யூன் கில் போர் நிச்சயம்ங்கறார், கூடவே போன கிழக்கு கட்சி கிம் சொங் இல் அதெல்லாம் வராதுங்கறார். அதுக்கு முந்தின வருஷம்தான் ஒரு கலக வழக்குல கிழக்குக்காரங்கள கூட்டம் கூட்டமா கொன்னிருந்தாங்க, விசாரணை நடத்தினது மேற்கு ஆளு, அந்த சூடு ஆறல. அமைச்சர் ரியூ சொங் ரியொங் தனியா கேட்டப்ப, வராதுன்னு என்னாலயும் அடிச்சு சொல்ல முடியாது, ஜனங்க பீதியாகக் கூடாதுன்னுதான் சொன்னேன்னாராம் கிம். அடப்பாவி! ஆனா ஒண்ணுமே பண்ணலன்னு சொல்றது தப்பு, கோட்டைய சரி பண்ணாங்க, 1591ல ரியூ சிபாரிசுல யி சுன் சின்ன கடற்படைத் தளபதியா போட்டதும் இந்த ராஜாதான்.

கே: ராஜா ஓடிட்டாராமே?

ஆமா. 1592ல பூசான் துறைமுகத்துல இறங்கின ஜப்பான் படை மூணு வாரத்துக்குள்ள தலைநகருக்கு வந்துடுச்சு. அதுக்குள்ள ராஜா விடியக்காலைல கொட்டற மழைல கெளம்பி, ராத்திரி இம்ஜின் ஆத்தங்கரைல ஒரே இருட்டுன்னு, வெளிச்சத்துக்காக அங்க இருந்த கட்டடத்தையே கொளுத்தித்தான் தாண்டினாங்க. சீன எல்லைல ஊய்ஜு வரைக்கும் போனார், அதையும் தாண்டி மிங் நாட்டுக்கே (அப்ப சீனாவ ஆண்ட வம்சம்) போயிடலாம்னு பாத்தார், ரியூதான் விடல.

கே: யி சுன் சின்ன ஏன் சார் ஜெயில்ல போட்டார்?

1597ல ஜப்பான் தளபதி கடல்ல வர்றான் போய் மடக்குன்னு உத்தரவு, துப்பு குடுத்ததே ஜப்பான் பக்கத்து ஆளு, பொறியா இருக்கும்னு இவர் போகல. பதவி போச்சு, சித்திரவதை, சாதா சிப்பாய். பதிலுக்கு வந்த வொன் க்யூன் கிட்டத்தட்ட மொத்த கப்பலையும் கோட்டை விட்டார். அப்புறம் திரும்ப இவரையே கூப்பிட்டாங்க, மிச்சம் 13 கப்பல வச்சு ம்யொங்நியாங் ஜலசந்தில நூத்துக்கு மேல வந்த எதிரிய விரட்டினார்.

கே: உங்களுக்கு ஏன் அவர் மேல இவ்ளோ காண்டு?

முட்டாளா இருந்தா மன்னிச்சுடலாம்ப்பா, ஆள் செம புத்திசாலி, யார அடக்க யாரத் தூக்கி விடணும்னு நல்லாவே தெரியும். 1604ல குடுத்த விருதுப் பட்டியல் போதும். ராஜா கூடவே ஊய்ஜுக்கு ஓடினவங்க 86 பேர், அதுல அரண்மனை அலிகள், குதிரை பாத்துக்கிட்டவங்க எல்லாம் உண்டு. போர்ல நின்னவங்க? 18 பேர். யி சுன் சின்னுக்கு முதல் வகுப்பு, பக்கத்துலயே கப்பல தொலைச்ச வொன் க்யூனுக்கும் அதே முதல் வகுப்பு! சிவப்பு அங்கி போட்டு ஊர் ஜனங்கள சேத்துட்டு சண்டை போட்ட குவாக் ஜே ஊ பேரே இல்ல. கேட்டா, ஜெயிச்சது உதவிக்கு வந்த மிங் படை, அத வரவழைச்சது என் கூட இருந்தவங்கன்னு கணக்கு சொல்றார்.

கே: அடுத்து பையன் குவாங்ஹே தானே?

ஆமா, ஆனா 1606ல புது ராணிக்கு ஒரு பையன் பொறந்துட்டான், உடனே சபைல யார் பக்கம்னு திரும்ப பிரிஞ்சுட்டாங்க. ரெண்டு வருஷத்துல சொன்ஜோ செத்துட்டார், அந்தக் குழந்தைய குவாங்ஹே ஆட்சில நாடு கடத்தி, அங்கயே 1614ல கொன்னுட்டாங்க.