வெள்ளி அருவிப் படங்கள் வெளிறிப் போவது குறித்து

வணக்கம் நண்பரே. கொடைக்கானல் வெள்ளி அருவியில் நண்பகலில் எடுத்த படங்களில் நீர் வெறும் வெள்ளைப் பட்டையாகவும், ஏரிக்கரை மூடுபனி அழுக்குச் சாம்பலாகவும் வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கேமராவின் ஒளிமானி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. அருவியில் கரும்பாறையே படச்சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், அதை வெளிச்சமாக்கும் முயற்சியில் நீரின் நுணுக்கம் அழிந்துவிடுகிறது. ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு படி (பாதியாக) குறைத்து எடுங்கள். வெளிறிய மூடுபனிக்கு நேர்மாறாக ஒரு படி கூட்ட வேண்டும்.

நீர் பட்டுநூல் போல வழிய வேண்டுமென்றால், முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100இல், ஷட்டர் வேகத்தைக் கால் வினாடிக்குக் கொண்டுவாருங்கள். உச்சி வெயிலில் அது எளிதன்று; மேகம் கவிந்த நாளோ காலைப்பொழுதோ தேவை. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) இருந்தால் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்குவதோடு, ஒன்றரைப் படி அளவு ஒளியும் குறையும். ஏரியிலிருந்து வழியும் நீரே இந்த அருவியாக விழுவதால், கோடையைவிட மழைக்காலத்தை ஒட்டிச் செல்வது நல்லது. குரங்குகளிடம் மட்டும் எச்சரிக்கை: லென்ஸ் மூடியையும் அவை தின்பண்டமாகவே கருதும்.

குளிரிலிருந்து காரின் வெதுவெதுப்புக்குள் திரும்பியதும் படமெடுக்கத் தொடங்காமல், லென்ஸில் ஆவி படிகிறதா என்று முதலில் பாருங்கள்.