சலாஹுத்தீனும் எதிரிகளும் படங்களில்: கேள்வி பதில்

12ஆம் நூற்றாண்டில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டு, சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து ஜெருசலேமைப் பிடித்த சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியையும் அவரோடு மோதியவர்களையும் ஓவியர்கள், சிற்பிகள், சினிமாக்காரர்கள் எப்படிக் காட்டினார்கள் என்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். போர் வியூகமும் மார்க்கச் சட்டமும் என் துறை அல்ல. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

சார், சலாஹுத்தீனின் உண்மையான முகம் எது? ஆளுக்கொரு படம் போடுகிறார்கள்.

எதுவும் இல்லை. அவரை நேரில் பார்த்து வரைந்ததாக நம்பக்கூடிய படம் ஒன்றுகூட நம் கையில் இல்லை. அவர் காலத்தைத் தொடும் உருவம் என்றால், இன்றைய துருக்கியில் இருக்கும் மய்யாஃபாரிக்கீன் நகரில் 1190 வாக்கில் அவர் பெயரில் அடித்த செப்புக் காசுதான். அதில் ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்திருப்பார். அது 'அரசர்' என்பதற்கான அடையாளம், முக ஜாடை அல்ல. அந்த வட்டாரத்துச் சிற்றரசர்கள் பைசாந்தியப் பேரரசர்களின் உருவத்தைக்கூடத் தங்கள் காசில் போட்டுக்கொண்டார்கள்.

அதிகம் சுற்றும் வண்ணப்படம் ஒன்று அல்-ஜஸரியின் இயந்திர நூலோடு தொடர்புடையது. அந்த நூல் தியார்பக்கிரில் அர்துக்கிய அரசருக்காக 1206இல் முடிந்தது. சலாஹுத்தீன் காலமானது 1193. ஃப்ளாரன்ஸ் உஃபிஸியில் இருக்கும் தாடிக்காரர் படம் அதற்கும் பிந்தியது, 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோஃபானோ டெல் அல்டிஸ்ஸிமோ வரைந்தது. அதுவும் பாவ்லோ ஜோவியோ கோமோவில் சேர்த்து வைத்திருந்த படங்களைப் பார்த்து எடுத்த நகல் வரிசையில் ஒன்று.

எல்லாருக்குமாகச் சொல்கிறேன்: படத்தின் கீழே இருக்கும் பெயரை நம்புவதற்கு முன்னால், வரைந்த ஆண்டைத் தேடுங்கள்.

இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் சலாஹுத்தீனும் குதிரையில் மோதும் படம் பார்த்தேன். சலாஹுத்தீன் முகம் நீலமாக இருக்கிறதே, ஏன்?

நல்ல கேள்வி. நீங்கள் பார்த்தது லட்ரெல் சங்கீதப் புத்தகம், அதாவது பைபிளின் சங்கீதங்களை எழுதிப் படம் வரைந்த ஏடு. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 1325க்கும் 1340க்கும் இடையில் ஜெஃப்ரி லட்ரெல் என்ற பிரபு செய்வித்தது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஓரத்தில் இரண்டு குதிரைவீரர்கள். ஒருவர் மேல் இங்கிலாந்து அரசச் சின்னமான சிங்கங்கள். ஈட்டி பட்டுச் சாய்கிற மற்றவருக்கு நீல முகம், கேடயத்தில் ஒரு கறுப்பர் தலை. பெயர் எழுதவில்லை, சின்னங்களை வைத்துத்தான் இன்னார் என்று சொல்கிறோம். நீலம் நிஜ நிறத்தைக் காட்ட வந்ததல்ல. அந்தக் காலத்து ஐரோப்பிய ஏடுகளில் பேய்களுக்கும் கொடியவர்களுக்கும் பூசிய நிறம் அது. 'நம் ஆள் இல்லை, நல்லவனும் இல்லை' என்பதை எழுத்தறியாதவனுக்கும் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

இந்த மோதல் நடக்கவே இல்லை. ரிச்சர்டும் சலாஹுத்தீனும் வாழ்நாளில் ஒருமுறைகூட முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டதில்லை. தூதர்கள் போனார்கள், வந்தார்கள். 1192 செப்டம்பரில் இருவருக்கும் இடையே யாஃபா சமாதான உடன்படிக்கை ஆயிற்று, ரிச்சர்ட் ஜெருசலேமைப் பிடிக்காமலேயே கப்பலேறினார். அந்த ஏமாற்றத்தைத்தான் படங்கள் ஈடுகட்டின. அவர் தம்பி மகன் மூன்றாம் ஹென்றி 1251இல் கிளாரண்டன் மாளிகையில் ஒரு அறைச் சுவரில் 'ரிச்சர்ட் மன்னரின் தனிப்போர்' வரையச் சொன்னார். செர்ட்ஸி மடத்தில் கிடைத்த தரை ஓடுகளும் அதே காலம்: ஒரு ஓட்டில் ரிச்சர்ட் ஈட்டியோடு பாய்கிறார், மறு ஓட்டில் சலாஹுத்தீன் குத்துப்பட்டுச் சரிகிறார். களத்தில் கிடைக்காத வெற்றியைத் தரையில் பதித்து மிதித்து நடந்திருக்கிறார்கள்.

அலாவுதீன் கில்ஜியும் இவரும் ஒருவரா?

இல்லை. அவர் டெல்லி, நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியவர்.

சலாஹுத்தீன் சிலுவையைப் பிடித்து இழுப்பது போன்ற படம் உண்மைச் சம்பவமா?

செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மாத்யூ பாரிஸ் தன் வரலாற்று ஏட்டின் ஓரத்தில் வரைந்தது. 1187 ஜூலை 4, ஜெருசலேம் அரசரின் படையை சலாஹுத்தீன் முறியடித்த ஹத்தீன் போர்: சலாஹுத்தீன் ஒரு பக்கம் இழுக்க, ஜெருசலேம் அரசர் கீ டி லூசிஞ்ஞான் மறுபக்கம் விடாமல் பிடித்திருப்பார். உண்மையில், இயேசுவை அறைந்த சிலுவை என்று அவர்கள் நம்பிய அதைக் களத்துக்குச் சுமந்து வந்தவர் ஆக்கர் நகர ஆயர், அவர் அங்கேயே கொல்லப்பட்டார். துறவி அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, இங்கிலாந்தில் உட்கார்ந்து வரைகிறார். ஆனாலும் எனக்குப் பிடித்த படம் அது. ஒரு போரையே நாலு கைகளில் சொல்லிவிட்டார்.

உண்மையான போட்டோ... மன்னிக்கவும், உண்மையான ஓவியம் எங்கே கிடைக்கும் அண்ணே?

முதல் பதில்.

டமாஸ்கஸ் சிலையில் குதிரைக்குப் பின்னால் ரெய்னால்ட் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாரே. அவரை சலாஹுத்தீன் கொன்றுவிடவில்லையா? சிற்பிக்கு வரலாறு தெரியாதா?

கோட்டை முன்னால் இருக்கும் அந்த வெண்கலச் சிலை அப்துல்லா அல்-சையத் செய்தது. சலாஹுத்தீன் காலமாகி 800 ஆண்டு ஆனதையொட்டி 1993இல் வைத்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் வெற்றிவீரர், பின்னால் போனால் வாலுக்குக் கீழே கீ மன்னரும் ரெய்னால்ட் டி ஷாதியோனும் துவண்டு கிடப்பார்கள். ரெய்னால்ட் கரக் கோட்டைக்காரர். சமாதானக் காலத்தில் வணிகக் கூட்டத்தை மறித்துக் கொள்ளையடித்தவர், செங்கடலில் கப்பல் விட்டு, மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் பக்கமே மிரட்டியவர். ஹத்தீனில் பிடிபட்டதும் சலாஹுத்தீன் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கீக்குக் குளிர்ந்த பானம் தரப்பட்டது, அவர் குடித்துவிட்டு ரெய்னால்டுக்கு நீட்டினார். 'நான் இவருக்குக் கொடுக்கவில்லை' என்று சலாஹுத்தீன் தெளிவுபடுத்திக்கொண்டார், ஏனென்றால் தான் உபசரித்த விருந்தாளியைக் கொல்லக் கூடாது. அப்புறம் தன் கையாலேயே வெட்டினார். கீயை விட்டுவிட்டார்.

சிற்பிக்கு இது தெரியாமல் இருக்குமா? கோப்பைக்கு முந்தைய கணத்தை எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் குதிரை எதற்கு? நீங்களே சொன்னீர்கள், கூடாரத்தில் நடந்தது என்று. சாக்குப்போக்கு சொல்கிறீர்கள்.

சரி, மாட்டினேன் என்று நினைக்கிறீர்கள். சிலை ஒரு நாளைக் காட்டவில்லை. போர், பிடிபட்டவர்கள், ஊர்வலம் மூன்றையும் ஒரே பீடத்தில் அடுக்கியிருக்கிறது. பக்கத்தில் நடக்கும் காலாள் வீரனையும் சூஃபியையும் பாருங்கள், வெற்றி ஒருவருடையது அல்ல என்று சொல்லத்தான் அவர்கள்.

சார், இடையில் வருகிறேன். சிலை வைத்தது அன்றைய சிரிய அதிபர் ஹாஃபிஸ் அல்-அசாத் அரசு. அது சலாஹுத்தீனா, அசாதா? கலை என்று பேசி அரசியலை மறைக்காதீர்கள். சலாஹுத்தீன் குர்து. குர்துகளை அந்த அரசு நடத்திய விதம் ஊருக்கே தெரியும்.

மறைக்கவில்லை, அடுத்து அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். திக்ரித்தில் பிறந்த குர்து குடும்பத்துப் பிள்ளையை அரபுத் தலைவராக மாற்றும் வேலை அசாதுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சிரிய ஓவியர் சையித் தஹ்ஸீன் 1954இல் சலாஹுத்தீன் முன் கீ நிற்கும் காட்சியை வரைந்தார். ஆண்டைக் கவனியுங்கள்: பிரெஞ்சுப் படை சிரியாவை விட்டுப் போய் எட்டு ஆண்டு, பாலஸ்தீனம் கைநழுவி ஆறு ஆண்டு. தோற்று நிற்கும் பிரெஞ்சுப் பெயர்க்கார அரசரைப் பார்த்த அன்றைய சிரியருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

எகிப்தில் யூசுஃப் ஷாஹீன் 1963இல் எடுத்த சலாஹுத்தீன் படம் இன்னும் வெளிப்படை. அது அரபு ஒற்றுமை பேசிய அதிபர் நாசர் காலம். அதில் ஈசா அல்-அவ்வாம் என்ற வீரன் கிறிஸ்தவ அரபி. ஆனால் சலாஹுத்தீனின் கூடவே இருந்த இப்னு ஷத்தாத் எழுதியதில் ஈசா ஒரு முஸ்லிம் நீச்சல்காரர். முற்றுகையில் சிக்கிய ஆக்கருக்கு இரவில் கடலில் நீந்திக் கடிதமும் பணமும் கொண்டுபோய், கடைசியில் மூழ்கிப் போனவர். மதத்தை மாற்றியது தவறுதலாக நடந்ததில்லை. முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே அரபு அணி என்று காட்ட வேண்டியிருந்தது. அது நல்ல எண்ணம் என்றே நினைக்கிறேன், ஆனால் வரலாறு அல்ல.

ஆக, எங்கள் ஆட்கள் செய்தாலும் பொய், வெள்ளைக்காரன் செய்தாலும் பொய். நடுநிலை வேஷமா?

வேஷம் இல்லை. நீல முகம் வெறுப்பு, ஈசா ஆசை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஆண்டைப் பார்க்காமல் இரண்டையும் நம்பவும் மாட்டேன். இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்துவோம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

திப்பு சுல்தான் ஓவியங்கள் பற்றி?

அவர் 18ஆம் நூற்றாண்டு. வேறு ஆளிடம் கேளுங்கள்.

ஐரோப்பியர் எல்லாரும் அவரை வெறுத்தார்களா?

இல்லை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தின் முதல் வட்டத்தில், தண்டனை இல்லாத இடத்தில், தனியாக ஒதுங்கி நிற்க வைத்தார். ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங் 1779இல் தன் நாடகத்தில் அறிவுள்ள சுல்தானாக்கினார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1825இல் ரிச்சர்டுக்கு வைத்தியம் பார்க்க மாறுவேடத்தில் அனுப்பினார், அது முழுக் கற்பனை. இவர்களும் தங்களுக்கு வேண்டிய சலாஹுத்தீனைத்தான் செய்துகொண்டார்கள்.

ரிச்சர்டைக் குற்றம்சாட்டும் ஐரோப்பியப் படம் உண்டா?

1191 ஆகஸ்டில் ஆக்கருக்கு வெளியே சுமார் 2,700 கைதிகளை ரிச்சர்ட் வெட்டச் சொன்னார். 1470களில் ழான் கொலோம்ப் ஒரு பிரெஞ்சு ஏட்டில் அதை வரைந்திருக்கிறார்: தலைகள் உருள, அரசர் மேலிருந்து பார்க்கிறார். குற்றச்சாட்டா பெருமிதமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே மரோகெட்டி செய்த ரிச்சர்ட் சிலையில் வாள் உயர்ந்திருக்கும், கைதிகள் இருக்க மாட்டார்கள்.

ஒரிஜினல் முகம் எப்படி இருக்கும் சார்? ஏஐ வைத்து எடுக்கலாமா?

எதை வைத்து எடுப்பீர்கள்? காசை வைத்தா?

பள்ளி நாடகத்துக்கு சலாஹுத்தீன் உடை தைக்கிறோம். எந்தப் படத்தைப் பார்ப்பது?

1877இல் வந்த குஸ்தாவ் தொரேயின் செதுக்குப் படங்களைப் பார்க்காதீர்கள். அழகானவை, ஆனால் அது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் கிழக்கு. 1237இல் பாக்தாதில் அல்-வாஸிதி வரைந்த மகாமாத் என்ற அரபுக் கதை ஏட்டைத் தேடுங்கள். சலாஹுத்தீன் அதில் இல்லை, ஆனால் துணி, தலைப்பாகை, சட்டைக் கையில் ஓடும் எழுத்துப் பட்டை எல்லாம் அந்தக் காலத்துக்கு அருகில் இருக்கும். வளைந்த பெரிய வாள் வேண்டாம், அன்றைக்குப் பெரும்பாலும் நேர்வாள்தான். ரெய்னால்டாக நடிக்கும் பையனுக்குக் கோப்பையை மறக்காமல் கொடுங்கள். அது இல்லாவிட்டால் கூடாரக் காட்சியே நிற்காது.