ஒரே பாட்டு, இரண்டு அலமாரிகள்

அன்புள்ள ஐயா,

கன்ட்ரி ராக் (அமெரிக்க வெள்ளையரின் கிராமியப் பாட்டும் ராக்கும் கலந்த இசை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் தொகுப்பைத் தேடிக் கேட்டேன். அதில் 'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்' என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் கண்ணில் படாமல் தெருக்கோடி இருட்டில் சந்தித்துக்கொள்ளும் இருவரின் பாட்டு. ஒரு வாரம் அதையே போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் அது ஜேம்ஸ் கார் என்ற கறுப்பினப் பாடகர் முதலில் பாடியது என்று தெரிந்தது. அவர் குரலில் கேட்டதும் நான் ஒரு வாரம் கேட்டது சப்பென்று ஆகிவிட்டது. ஏமாந்த மாதிரி இருந்தது. அதே தொகுப்பில் அதற்கு முந்தைய பாட்டு கறுப்பினப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடியது. இவர்களில் சிலர் முன்பு இருந்த பேர்ட்ஸ் குழுவின் தொகுப்பில் பார்த்தால் வில்லியம் பெல் என்ற கறுப்பினப் பாடகரின் பாட்டு. கறுப்பர்களின் சோல் பாட்டுகளை எடுத்து, கவ்பாய் சட்டை மாட்டிவிட்டு, 'முன்னோடிகள்' என்று பெயர் வாங்கிக்கொண்டார்களா இவர்கள்? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குழப்பம்தான்.

ர., கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாந்ததில் நான் உங்களுக்கு மூத்தவன். எண்பதுகளின் கடைசியில் ஒரு நண்பர் பதிவுசெய்து கொடுத்த கேசட்டில்தான் இந்தத் தொகுப்பை முதலில் கேட்டேன். அட்டையில் பேனாவால் கிறுக்கிய பாட்டுப் பெயர்கள் மட்டும் இருந்தன. யார் எழுதியது என்ற விவரம் கிடையாது. ஆறேழு வருடம் அந்த இரண்டு பாட்டுகளையும் பரீட்டோ பிரதர்ஸின் பாடகர் கிராம் பார்சன்ஸ் எழுதினார் என்றே நம்பி, கேட்பவரிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். உங்களுக்கு ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்' பாட்டை எழுதியவர்கள் கறுப்பர்கள் அல்ல. டான் பென், சிப்ஸ் மோமன் என்ற இரண்டு தென்மாநில வெள்ளைக்காரர்கள். 1966இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் வானொலி அறிவிப்பாளர்கள் மாநாடு ஒன்று நடந்தது. அங்கே சீட்டாட்டத்துக்கு நடுவில் எழுந்துபோய், கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய க்வின்டன் கிளாஞ்சின் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள் என்பது கதை. அறையைக் கொடுத்ததற்கு அவர் கேட்ட வாடகை ஒன்றுதான்: பாட்டு ஜேம்ஸ் காருக்குப் போக வேண்டும். கார் மெம்ஃபிஸில் அதைப் பாடினார். கறுப்பர் இசைக்கென்று இருந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. பொதுப் பட்டியலில் 77ஐத் தாண்டவில்லை. இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அரீதாவின் 'டூ ரைட் வுமன்' பாட்டும் இதே பென், மோமன் எழுதியதுதான். 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் அவர் பதிவு செய்ய வந்தபோது சுற்றியிருந்த வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள். அன்றைக்கே குடியும் வாய்த்தகராறும் முற்றி, ஒரே நாளில் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். இந்தப் பாட்டு எலும்புக்கூடாக நின்றது. அரீதா நியூயார்க்கில் தன் சகோதரிகளைப் பின்னணி பாடவைத்து, பியானோவையும் தானே வாசித்து, அதற்குச் சதை பூட்டினார். எழுதியது யாராக இருந்தால் என்ன, அந்தப் பாட்டு அவருடையது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆக, வெள்ளைக்காரர்கள் எழுதி, கறுப்பர்கள் பாடி, மறுபடி வெள்ளைக்காரர்கள் பாடிய பாட்டுகள் இவை. திருட்டு என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு?

இசையைக் கேட்டாலும் அப்படித்தான். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் ஸ்டூவர்ட் கன்ட்ரி ஃபிடில் வாசித்தவர். அங்கே 1961இல் வில்லியம் பெல் பாடிய 'யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்' பாட்டில் மாதா கோயில் பியானோ இருக்கிறது. அதோடு, கிணறு வற்றிய பிறகுதான் தண்ணீரின் அருமை தெரியும் என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு அழும் கன்ட்ரிப் பாட்டின் புத்தியும் இருக்கிறது. குடி, துரோகம், ஞாயிற்றுக்கிழமைக் குற்றவுணர்ச்சி என்று இரண்டு பக்கத்துச் சரக்கும் ஒன்றுதான். 1962இல் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் ஒரு முழுத் தொகுப்புக்குக் கன்ட்ரிப் பாட்டுகளாக எடுத்துப் பாடினார். கன்ட்ரிப் பாடகர் டான் கிப்சனின் 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' பாட்டு அவர் குரலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை.

பிரிவு பாட்டில் இல்லை, கடை அலமாரியில் இருந்தது. 1920களிலிருந்தே அமெரிக்க நிறுவனங்கள் தென்மாநில இசையை இரண்டு வரிசையாக விற்றன. கறுப்பருக்கு 'ரேஸ்' (இனம்), ஏழை வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' (பட்டிக்காட்டான்). பில்போர்டு பத்திரிகை 1949இல் 'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. அந்தப் பெயரைக் கொடுத்தவர் அப்போது அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர். பின்னால் அரீதாவை மசில் ஷோல்ஸுக்குக் கூட்டிப்போனவரும் அவரேதான். பெயர்ப்பலகை மாறியது, அலமாரி மாறவில்லை. 10, 77 என்ற அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் அதுதான்.

உங்கள் கோபம் நியாயமாக இறங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது காசு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் நிர்ணயித்த தொகையைக் கொடுத்தால் போதும். 1909இல் வைத்த 2 சென்ட், 1977 முடியும்வரை அதே 2 சென்ட். அது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும், முதலில் பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. வானொலியில் ஒலித்தாலும் அங்கே எழுதியவருக்குத்தான் பங்கு. வில்லியம் பெல் தன் பாட்டைத் தானே எழுதியவர். ஆகவே பேர்ட்ஸ் அதைப் பாடியதால் அவருக்குக் காசு வர ஒரு வழி இருந்தது. பரீட்டோக்கள் பாடியதால் ஜேம்ஸ் காருக்கு அப்படி ஒரு வழியே இல்லை. கார் பாவம். மனநோயோடு மல்லுக்கட்டி, பல வருடம் மேடையே ஏறாமல் கிடந்து, 2001இல் இறந்தார். (பரீட்டோக்களின் தொகுப்பும் பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. பில்போர்டில் 164ஆம் இடம். எல்லோருக்கும் சில்லறைதான்.)

'முன்னோடி' என்ற பட்டத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சோல் பாட்டைக் கன்ட்ரியில் பாடிய முதல் ஆட்கள் இவர்கள் இல்லை. நாஷ்வில்லின் நட்டநடுவில் இருந்த போர்ட்டர் வாகனரும் டாலி பார்ட்டனும் 1968 தொகுப்பிலேயே 'டார்க் எண்ட்' பாடிவிட்டார்கள். அதைக் கேட்டால் ஒரு தம்பதி அடுக்களையில் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். கள்ள உறவின் பயமே இல்லை.

அப்படியானால் பார்சன்ஸ் என்ன செய்தார்? ஃப்ளோரிடாவில் பிறந்து ஜார்ஜியாவின் வேக்ராஸில் வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா தற்கொலை செய்துகொண்டபோது வயது 12. பள்ளிப் படிப்பு முடித்த நாளில் அம்மா குடியால் இறந்தார். இந்த ஆள் 1968இல் பேர்ட்ஸில் சேர்ந்து, 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' தொகுப்புக்குள் வில்லியம் பெல்லைக் கொண்டுவந்தார். பழைய ஒப்பந்தச் சிக்கலால் சில பாட்டுகளில் அவர் குரலை நீக்கிவிட்டு, பேர்ட்ஸின் தலைவர் ராஜர் மக்வின் மறுபடி பாடினார். பெல்லின் பாட்டும் அதில் ஒன்று. பார்சன்ஸ் குரலில் இருந்த பதிவு 1990இல் ஒரு பெட்டித் தொகுப்பில்தான் வெளியே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மக்வின் ஒழுங்காகப் பாடுகிறார், அவ்வளவுதான். பார்சன்ஸ் சுருதியின் ஓரத்தில் தள்ளாடுகிறார், ஆனால் கிணறு வற்றிய ஆள் அவர்தான்.

அந்த வருடமே பேர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, நிறவெறி நாட்டில் பாட மாட்டேன் என்று அவர் விலகினார். உண்மைக் காரணம் லண்டனில் கிடைத்த ரோலிங் ஸ்டோன்ஸ் சகவாசம்தான் என்று பேர்ட்ஸில் இருந்த கிறிஸ் ஹில்மன் சந்தேகப்பட்டார். அதே ஹில்மன் சில மாதத்தில் அவரோடு சேர்ந்து பரீட்டோ பிரதர்ஸைத் தொடங்கினார் என்பது வேறு கதை. 1969 பிப்ரவரியில் நீங்கள் கேட்ட அந்த முதல் தொகுப்பு, 'த கில்டட் பேலஸ் ஆஃப் சின்', வந்தது. நீங்கள் சொன்ன கவ்பாய் சட்டை நூடி கோன் கடையில் தைத்தது. பார்சன்ஸின் உடையில் கஞ்சா இலையும் மாத்திரையும் பூவேலையாகப் போட்டிருக்கும். நாஷ்வில் பெரியவர்களைச் சீண்டும் குறும்பு அது, அவர்கள் வேஷம் அல்ல.

தொகுப்பில் நான் திரும்பத் திரும்பப் போவது ஸ்னீக்கி பீட் கிளைனோவின் பெடல் ஸ்டீல் என்ற படுக்கை கிட்டாருக்கு. அவருடைய இன்னொரு தொழில் பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுப்பது. அந்தப் பொறுமை வாசிப்பில் தெரியும். சோல் பதிவில் ஆர்கனும் பித்தளைக் குழல்களும் நிரப்புகிற இடத்தை இங்கே அவர் ஒரே ஆளாக, சில இடங்களில் ஃபஸ் பெட்டி வழியாகக் கரகரப்பாக்கி, நிரப்புகிறார். 'டூ ரைட் வுமன்' எனக்குப் பிடிப்பது அதனால். பெண் சொல்ல வேண்டிய பாட்டை ஓர் ஆண் பாடுகிறான், டேவிட் க்ராஸ்பி மேலே குரல் சேர்க்கிறார். அரீதாவிடம் அது நிபந்தனை. இங்கே கெஞ்சல். 'டார்க் எண்ட்' விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். கார் குரலில், பிடிபடப்போகிறோம் என்று தெரிந்தே நிற்கிறவனின் நடுக்கம் இருக்கிறது. பரீட்டோக்கள் அந்தத் தெருவைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தொகுப்பின் உண்மையான சோல் பாட்டு இந்த இரண்டும் இல்லை. பார்சன்ஸும், மிசிசிப்பிக்காரரான கிறிஸ் எத்ரிட்ஜும் சேர்ந்து எழுதிய 'ஹாட் பரீட்டோ நம்பர் 1'. கோமாளித்தனமான பெயர். பெயரைப் பார்த்து நானே பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். பென்னிடமும் மோமனிடமும் படித்த பாடத்தை பார்சன்ஸ் எழுதிக் காட்டியது அதில்தான். குரல் உடைகிற இடத்தை மறைக்க அவர் முயலவே இல்லை. 26 வயதில் செத்துப்போனவர், அப்போது 22.

இன்னொன்று. டான் பென்னும் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஸ்பூனர் ஓல்டாமும் 1999இல் ஒரு மேடைப் பதிவு வெளியிட்டார்கள். ஒரு கிட்டார், ஒரு மின்பியானோ, இரண்டு வயதானவர்கள். 'டார்க் எண்ட்', 'டூ ரைட் வுமன்' இரண்டும் அதில் உண்டு. காரைக் கேட்டு முடித்த கையோடு வேண்டாம், ஒரு நாள் விட்டுக் கேளுங்கள்.